'கல் விண்கல்' என்று அட்டையில் எழுதுவதா?

மரவனேரி:
எங்கள் பகுதிப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு விண்கல் பற்றிய பெயரட்டைகள் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்றே வகைதான்: கல், இரும்பு, இரண்டும் கலந்தது. ஆனால் முதல் அட்டையிலேயே தடுக்கிவிட்டேன். 'விண்கல்' என்ற பெயருக்குள்ளேயே கல் இருக்கிறது. அதனால் 1898இல் கொடைக்கானலில் கிடைத்த இரும்புக் கட்டியை 'இரும்பு விண்கல்' என்கிறோம். நிஜமாகவே கல்லாக இருப்பதை 'கல் விண்கல்' என்று எழுத வேண்டியிருக்கிறது. விழும்போது பார்த்து எடுத்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்தக் கல் வகைதான். அதற்குப் போய் இப்படி ஒரு பெயரா?

என் யோசனை இது. காண்ட்ரூல் என்ற சின்னச் சின்ன மணிகள் உள்ளே இருந்தால் 'குருணைக்கல்', இல்லாவிட்டால் 'குருணையிலி'. இவற்றுக்கு இப்போது இருக்கும் காண்ட்ரைட், அகாண்ட்ரைட் என்ற பெயர்கள் இரண்டையும் தூக்கிவிடலாம்.

வெள்ளைக்கரடு:
வேண்டாம் அண்ணா. நான் வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருபது வருடம் இருந்தவன். சேலத்தில் வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட் என்ற தாது. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சொன்னால் எவனோ பளிங்கைக் காட்டுவான். ஊர்ப்பேச்சுப் பெயருக்கு ஊர் எல்லைதான் எல்லை. அந்த வெள்ளைக்கல்லோடு சேர்ந்து வரும் டியூனைட் பாறையில் நிறைந்திருப்பது ஆலிவின் என்ற கனிமம். காண்ட்ரைட்டிலும் அதே ஆலிவின் ஏராளம். வானத்துக் கல்லையும் நம் கரட்டுக் கல்லையும் ஒரே கனிமப் பெயரால் ஒப்பிட முடிவதே பெரிய வசதி. அதைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று. தான்சானியாவில் 1938இல் விழுந்த இவுனா என்ற கல்லின் பெயரால் சிஐ என்று ஒரு காண்ட்ரைட் பிரிவே இருக்கிறது. அதில் காண்ட்ரூல் கிடையாது, அது உடைந்து வந்த தாய்ச் சிறுகோளில் இருந்த நீர் அதன் உள்ளமைப்பை மாற்றிவிட்டது. ஆனாலும் வேதிக் கலவையைப் பார்த்துக் காண்ட்ரைட் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். உங்கள் அட்டையில் அது 'குருணை இல்லாத குருணைக்கல்' ஆகிவிடும்.

மரவனேரி:
அந்த முரண் மூலச்சொல்லிலும் இருக்கிறதே! கிரேக்கத்தில் கொண்ட்ரோஸ் என்றால் தானிய மணி. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் குஸ்தாவ் ரோஸ் என்ற கனிமவியலாளர் அதிலிருந்துதான் பெயர் வைத்தார். அவர் தானியத்திலிருந்து எடுத்தால் அறிவியல், நான் எடுத்தால் ஊர்ப்பேச்சா?

சூரமங்கலம் டீச்சர்:
தம்பி, குருணை என்றால் உடைந்த அரிசி. காண்ட்ரூல் உடைந்தது இல்லை, உருகிய துளி மிதந்தபடியே குளிர்ந்து உருண்டையானது. நம் ஊரில் இருந்துகொண்டு ஜவ்வரிசியை மறந்துவிட்டீர்களே!

வெள்ளைக்கரடு:
டீச்சர், ஜவ்வரிசி எப்படி உருளுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கித் திரட்டுவார்கள். காண்ட்ரூல் அப்படிப் பிறக்கவில்லை. அளவும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம்தான், பாயச ஜவ்வரிசியைவிடப் பொடிசு. பார்வைக்கு உவமை சரி. பெயராக வைத்தால் பிள்ளைகள் தவறான கதையோடு வீட்டுக்குப் போவார்கள்.

சூரமங்கலம் டீச்சர்:
சரி, உவமையாகவே இருக்கட்டும். ஆனால் பெயரை அப்படியே இறக்குவதன் விலையும் தெரிந்துதான் ஆக வேண்டும். சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லை வைத்துப் பிறந்த பெயர் அது. ஏற்காட்டில் நூறு பேரை நிறுத்திக் கேளுங்கள், தன் மலைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாருக்கும் அது கருங்கல்தான்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. கஞ்சமலை அடிவாரத்தில் கறுப்பாக ஒரு கல் எடுத்தேன். நல்ல கனம், காந்தத்தில் ஒட்டுகிறது. கல் விண்கல்லா, இரும்பு விண்கல்லா?

வெள்ளைக்கரடு:
கஞ்சமலைக் கல். அந்த மலையே மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மெருகில்லாத ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்துப் பார், கறுப்புக் கோடு விழுந்தால் கதை முடிந்தது. சாதாரணக் காண்ட்ரைட்டும் காந்தத்தில் ஒட்டும், அதில் நிக்கல் கலந்த இரும்புத் துணுக்குகள் உண்டு. ஆனால் பொதுவாக அப்படிக் கோடு போடாது. புதிதாக விழுந்ததென்றால் மேலே மெல்லிய கருந்தோல் இருக்கும், காற்றில் பாய்ந்து வரும்போது மேற்பரப்பு உருகிப் படிந்தது.

மரவனேரி:
அந்தத் தோலுக்குக் கலைச்சொல் பட்டியலில் 'உருகு மேலோடு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ நிலநடுக்கப் பாடம் ஞாபகம் வருகிறது.

சூரமங்கலம் டீச்சர்:
காந்தல் என்று எழுதுங்கள். சோற்றுப் பானையின் அடியில் பிடிப்பதுதான் காந்தல். உள்ளே சோறு வெந்திருக்கும், ஓரம் மட்டும் கருகியிருக்கும். விண்கல்லும் அப்படித்தான், வெப்பம் உள்ளே இறங்க நேரமில்லை.

வெள்ளைக்கரடு:
இதை ஒத்துக்கொள்கிறேன். காந்தலை நம்பி எந்த வகைப்பாடும் நிற்கவில்லை, யாரையும் குழப்பாது. என் ஆட்சேபம் வகைப் பெயர்களுக்கு மட்டும்தான். அப்புறம், 'சாதாரணக் காண்ட்ரைட்' என்று எழுதும்போது பக்கத்தில் வயதையும் போடுங்கள். சுமார் 456 கோடி ஆண்டு. சாதாரணம் என்றது அதிகமாக விழுவதால்தான்.

மரவனேரி:
எழுதிவிட்டேன். முதல் அட்டை: "கல்லாலான விண்கற்கள்". 'கல் விண்கல்' போயே போச்சு. அடியில்: "காண்ட்ரைட். உள்ளே ஜவ்வரிசி போன்ற பொடி மணிகள், மேலே காந்தல். எடுத்துக்காட்டு: 1857இல் மதுரை வட்டாரத்தில் விழுந்த பார்னாலி." குருணைக்கல்லை அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் வைத்திருக்கிறேன், அதை எடுக்கமாட்டேன்.

வெள்ளைக்கரடு:
எடுங்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. அம்மா ஊறுகாய்ச் சாடி மேல் வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.