சூடாகும் இருக்கையை நாமே பொருத்தலாமா?

விடியற்பயணி:
குளிர் மாதங்களில் இருட்டோடு வண்டியை எடுத்துக் கிளம்புகிறவன் நான். எஞ்சினில் ஓடும் நீர் சூடேறி, ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று வருவதற்குள் பாதிப் பயணம் முடிந்துவிடுகிறது. ஆகவே முன்னிருக்கைகள் இரண்டிலும், உறைக்கு அடியில் சூடேற்றும் பேட்களை வாங்கிப் பொருத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே வருகின்றன. துணி உறைதான், ஆனால் முதுகுப்பகுதியின் ஓரத்தில் "ஏர்பேக்" என்று எழுதிய சிறு பட்டை தைக்கப்பட்டிருக்கிறது. சொந்தக் கையால் இதைச் செய்தவர்கள் உண்டா? கூடாது என்பவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கம்பிச்சுருள்:
தாராளமாகச் செய்யலாம். என் வண்டியில் நானே பொருத்தி நான்கு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. முதுகும் அடியும் சேர்த்து ஓர் இருக்கை ஏறத்தாழ 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட் கணக்கில் அது நான்கு ஆம்பியரிலிருந்து எட்டு ஆம்பியர் வரை. இரண்டு இருக்கைக்கும் சேர்த்தால் பதினாறைத் தொடக்கூடும் என்பதால், சிகரெட் லைட்டர் வயரிலிருந்து கிளை பிரிக்கும் சோம்பேறித்தனம் மட்டும் வேண்டாம். பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் தொடக்கத்திலேயே தனி ஃபியூஸ், ரிலேயை இயக்கும் கம்பி மட்டும் இக்னிஷனில் உயிர் பெறும் இணைப்பிலிருந்து என்று அமைத்துவிட்டால், சாவியை எடுத்தவுடன் சூடும் அணைந்துவிடும். மறந்து இறங்கினாலும் காலையில் பேட்டரி செத்திருக்காது. உறையைக் கழற்றி மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

தையற்காரன்:
கார் இருக்கைகளைப் பிரித்துத் தைப்பதே என் தொழில் என்பதால், மேலே உள்ள நண்பர் ஒரே வரியில் கடந்துபோன அந்த "உறையைக் கழற்றி மாட்டும் வேலை"யில்தான் ஆபத்து இருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உறையின் உட்புறத்தில் ஓடும் கம்பி, ஃபோமில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் இறங்கி, சிறு உலோக வளையங்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தைப் பேட் எப்படிக் கடக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த இருக்கை ஒன்றில், பேட் பள்ளத்தின் விளிம்பில் மடிந்து கிடந்தது. உரிமையாளர் பின்னிருக்கையில் சாமான் வைப்பதற்காக அதன்மேல் முழங்காலை ஊன்றி ஏறும் பழக்கம் உள்ளவர். உறையைத் தூக்கினேன், மடிப்பு இருந்த இடத்தில் நாணயம் அளவுக்கு ஃபோம் பழுப்பேறி, விரல் பட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. அவர் வந்தது சூடு போதவில்லை என்ற புகாரோடு!

கம்பிச்சுருள்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுபோகும், பேட் குளிர்ந்துபோகும், அவ்வளவுதானே? போதாக்குறைக்கு, சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் பேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தையற்காரன்:
முழுதாக அறுந்தால் நீங்கள் சொல்வது சரி. பல இழைகளில் பாதி அறுந்து மீதி தொங்கிக்கொண்டிருக்கும்போது, மொத்த மின்னோட்டமும் அந்தச் சில இழைகள் வழியே போவதால் அந்தப் புள்ளி மட்டும் காய்கிறது. தெர்மோஸ்டாட்டோ ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இது தெரியவே தெரியாது. ஃபியூஸுக்கும் தெரியாது, ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை.

கம்பிச்சுருள்:
அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அது கம்பி பேட்டுக்குப் பொருந்துவது. கார்பன் இழை பேட்டில் வெப்பம் பல இணைப் பாதைகளில் பரவுவதால், ஒன்றிரண்டு அறுந்தாலும் சுமை மற்றவற்றுக்குப் பிரிந்துவிடும். தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வெட்டிச் சிறிதாக்கவும் முடியும். கம்பி பேட்டில் கத்தரி வைக்கவே கூடாது. இருக்கைச் சூடு ஒன்றும் நேற்று முளைத்த விபரீதமல்ல. 1966 மாடல் கேடிலாக் கார்களிலேயே விருப்பத் தேர்வாக வந்ததுதான்.

வெப்பமானி:
தொழிற்சாலையிலேயே பொருத்தியவற்றின் மீதும் புகார் உண்டு. தண்டுவடப் பாதிப்பாலோ நீரிழிவாலோ கீழுடலில் உணர்ச்சி குன்றியவர்கள் இருக்கைச் சூட்டால் தீக்காயம் அடைந்த நிகழ்வுகளைச் சுட்டிக்காட்டி, 2011-இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் பாதுகாப்பு ஆர்வலர்கள் முறையிட்டார்கள். கை வைத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் 44 டிகிரி செல்சியஸ் கூட, ஒரே இடத்தில் பல மணி நேரம் அழுந்தினால் தோலைப் புண்ணாக்கும். எந்தப் பேட் வாங்கினாலும், குறிப்பிட்ட நிமிடங்களில் தானே அணையும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

தையற்காரன்:
கார்பன் மேலானது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. என் முக்கியமான ஆட்சேபம் சூட்டைப் பற்றியதே அல்ல. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெரியவரா குழந்தையா என்று அறிந்து முன் ஏர்பேக்கை அனுமதிக்கும் உணரி, 2000-களின் நடுவிலிருந்து அமெரிக்கச் சந்தைக்கான புதிய கார்களில் வழக்கமாகிவிட்டது. பிற நாடுகளின் கார்கள் பலவற்றிலும் உண்டு. சில மாடல்களில் அது ஃபோமுக்கு அடியில் திரவப் பையாக இருக்கும். சிலவற்றில் உறைக்குக் கீழே விரிப்பாக இருக்கும். அந்த ஃபோமும் அந்த உறையும் சேர்ந்த நிலையில்தான் அதன் அளவு திட்டப்படுத்தப்பட்டிருக்கிறது. நடுவில் நீங்கள் ஓர் அடுக்கைச் செருகினால், எந்த விளக்கும் எரியாமலே அது தவறாகக் கணிக்கக்கூடும். அந்தத் தவறு தெரியவரும் நாள் விபத்து நடக்கும் நாளாக இருக்கும்.

கம்பிச்சுருள்:
என் வண்டி பழைய மாடல். பக்கத்து இருக்கையில் அத்தகைய உணரி இல்லை. அதனால் அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இருக்கைச் சூடே கூடாது என்று முடிவுகட்டுவதை மட்டும் ஏற்க மாட்டேன்.

விடியற்பயணி:
கைவிளக்கோடு குனிந்து பார்த்தேன். பக்கத்து இருக்கையின் அடியில், ஃபோமுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய வயர் இறங்கிச் சிறு பெட்டிக்குப் போகிறது. ஓட்டுநர் இருக்கையில் அது இல்லை. இருக்கைப்பட்டைக் கொக்கியின் வயரும், மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்றும் மட்டுமே தெரிகின்றன. எனவே ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும், அதுவும் அடிப்பகுதிக்கு மட்டும் கார்பன் பேட் போடுகிறேன். ஏர்பேக் இருக்கும் முதுகுப்பகுதியின் உறையைத் தொடப்போவதில்லை.

தையற்காரன்:
அந்த அளவோடு நின்றால் எனக்கு மறுப்பில்லை. மஞ்சள் கனெக்டர் பக்கவாட்டு ஏர்பேக்குடையது. இருக்கையை வெளியே எடுப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். அது கழன்றிருக்கும்போது இக்னிஷனைத் திருப்பினால், வேலை முடிந்த பின்னும் ஏர்பேக் விளக்கு அணையாமல் உங்களை முறைத்துக்கொண்டே இருக்கும்.

கம்பிச்சுருள்:
பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு கம்பளியும் வாங்கி வைத்துவிடுங்கள். நீங்கள் மட்டும் சூட்டில் உட்கார்ந்திருப்பது முதல் நாளே தெரிந்துவிடும்.