இசையும் அறுவைத்திறனும்: ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பதற்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

அறுவை சிகிச்சையின்போது இசை ஒலித்தால் மருத்துவரின் கைவேலை மேம்படுகிறதா, கெடுகிறதா என்ற ஆய்வுகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதில் வரும் ‘சர்ஜிக்கல் ஸ்கில் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடான தமிழ்ச்சொல்லை உங்களிடம் கேட்டிருந்தேன். அதற்கு ‘அறுவைச் செயல்திறன்’, ‘அறுவை வினைத்திட்பம்’, ‘அறுவைச் செயலாற்றுகை’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. மூன்றையும் என் வரைவின் வாக்கியங்களில் பொருத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

‘செயல்திறன்’ எல்லாருக்கும் பழகிய சொல். ஆனால் அதன்மேல் நாம் ஏற்கெனவே மிகுந்த சுமையை ஏற்றிவிட்டோம். இயந்திரம் எரிபொருளை வீணாக்காமல் ஓடுவதும் செயல்திறன், ஊழியர் ஆண்டு முழுவதும் ஆற்றிய பணியும் செயல்திறன். இந்தத் தொடரிலோ இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘ஸ்கில்’ என்பதற்குத் ‘திறன்’ என்று வைத்துவிட்டால், முழுத்தொடர் ‘அறுவைத்திறனின் செயல்திறன்’ என்று ஆகிவிடும்; திறனுக்கே ஒரு திறன் என்று படிப்பவர் திகைப்பார். ‘வினைத்திட்பம்’ அழகான சொல், திருக்குறளின் 67ஆம் அதிகாரத்தின் தலைப்பு. ஆனால் அங்கே அது செயலில் தளராத மனவுறுதியைக் குறிக்கிறது. நாம் தேடுவதோ தையல் எத்தனை நிமிடத்தில் முடிந்தது, எவ்வளவு சீராக அமைந்தது என்று அளக்கக்கூடிய ஒன்றை.

எனக்கு முதன்மையாகத் தோன்றுவது, ஒருவரிடம் இருக்கும் திறனுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் அதிலிருந்து புறப்பட்டு வந்ததற்கும் உள்ள வேறுபாடுதான். இசையை நிறுத்தியதும் அறுவை மருத்துவர் தம் திறனை இழந்துவிடுவதில்லை. இசை ஒலித்ததும் புதிதாக ஒரு திறனைப் பெறுவதுமில்லை. மாறுவது அந்த நேரத்தில் வெளியே தெரிவது மட்டுமே. இந்த ஆய்வுத்துறை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 1994இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான, பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆலன், பிளாஸ்கோவிச் என்னும் இருவர் 50 ஆண் அறுவை மருத்துவர்களை ஆய்வகத்தில் அமர்த்தி, தாமே தேர்ந்த இசை, ஆய்வாளர் தேர்ந்த இசை, இசையின்மை என்ற மூன்று நிலைகளில் சோதித்தனர். தாமே தேர்ந்த இசை ஒலித்தபோது அவர்களின் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் (இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானே இயக்கும் நரம்புகளின்) பதற்றம் குறைவாகவும், பணியின் வேகமும் துல்லியமும் மிகுதியாகவும் இருந்தன. ஆனால் அவர்களுக்குத் தரப்பட்ட பணி, ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே போகும் மனக்கணக்கு. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. போதாக்குறைக்கு, அந்த 50 பேரும் அறுவையின்போது இசை கேட்கும் வழக்கம் தமக்கு உண்டு என்று சொன்னவர்கள். இதைத் தமிழில் ‘இசை அறுவைத்திறனை வளர்க்கிறது’ என்று எழுதிவிட்டால், ஆய்வு சொல்லாத ஒன்றை நம் சொல் சொல்லிவிடுகிறது. இப்படி எழுதப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பிழை ஆய்வாளரிடம் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

ஆகவே நான் முன்வைப்பது ‘அறுவைத்திறன் வெளிப்பாடு’. ‘மரபணு வெளிப்பாடு’ என்ற சொல் உயிரியலில் நிலைபெற்றுவிட்டது. மரபணு உயிரணுவில் இருந்துகொண்டே இருக்கும், அது வெளிப்படுவதும் வெளிப்படாததும் சூழலைப் பொறுத்தது. திறனுக்கும் அதே உறவுதான். பேச்சு வழக்கிலும் தேர்வு எழுதிய மாணவரையும் களம் கண்ட வீரரையும் பற்றி ‘திறமையை வெளிப்படுத்தினார்’ என்றுதான் இயல்பாகச் சொல்கிறோம். ‘வெளிப்பட்டது’, ‘வெளிப்படுத்தினார்’, ‘வெளிப்படவில்லை’ என்று வினையாகவும் எதிர்மறையாகவும் அது தடையின்றி வளைகிறது. ‘செயலாற்றுகை’ இலங்கைத் தமிழில் நன்கு வேரூன்றிய சொல் என்பதை மதிக்கிறேன். ஆனால் ‘ஆற்றுகை’ அங்கே நாடகத்தையும் இசையையும் அவையில் நிகழ்த்துவதற்கும் வழங்குவதால், இசையைப் பற்றிய கட்டுரையில் யாருடைய ஆற்றுகை என்ற ஐயம் பத்திக்குப் பத்தி எழும்.

அடுத்தது ‘கேட்டல்’. தமிழில் காதில் விழுவதும் கேட்பது, கவனித்துச் செவிமடுப்பதும் கேட்பது, வினவுவதும் வேண்டுவதும்கூடக் கேட்பதுதான். அறுவை அரங்கில் இந்த நான்கும் ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. இசை மருத்துவரின் காதில் விழுகிறது, அதை அவர் செவிமடுப்பதில்லை. அவர் கத்தரிக்கோலைக் கேட்கிறார், அது செவிலியருக்குக் கேட்கவில்லை. ஆகவே கட்டுரைத் தலைப்பில் ‘இசை கேட்டல்’ என்று எழுதத் தயங்குகிறேன். ‘பின்னணி இசை’ என்றாலோ, திரைப்படக் காட்சிக்கென்றே அமைத்த இசைதான் நம் வாசகர் மனத்தில் முதலில் எழும். காட்சிக்கு ஏற்ப ஏறி இறங்கும் இசை அது. அறுவை அரங்கில் ஒலிப்பதோ குருதிப்போக்கு கட்டுமீறினாலும் தன்போக்கில் பாடிக்கொண்டிருக்கும் இசை. ‘அறுவைவேளை இசை’ என்று வைத்தால் யார் கேட்கிறார், எவ்வளவு கவனிக்கிறார் என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்காமல் ஒலிக்கும் நேரத்தை மட்டும் சொல்லும்.

அந்த ‘வேளை’ வெறும் ஒட்டுச்சொல் அன்று. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்து ‘மோட்சார்ட் விளைவு’ என்று பெயர்பெற்ற ஆய்வில், கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் இசை கேட்டு முடித்த பிறகே இடஞ்சார் அறிவுத் தேர்வை (வடிவங்களை மனத்தில் கற்பனை செய்து பார்க்கும் ஆற்றலுக்கான தேர்வை) எழுதினார்கள். கண்ட பயனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்தது. வேலைக்கு முன் கேட்பதும் வேலையினூடே கேட்பதும் வேறுவேறு வினாக்கள். இரண்டையும் ஒரே பெயரால் வழங்கினால் முடிவுகள் கலந்துவிடும்.

உங்கள் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

•

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மயக்கவியல் மருத்துவர். நோயாளியின் தலைமாட்டில் நின்று பல ஆண்டுகள் பணியாற்றிய பழக்கத்தில் இதை எழுதுகிறேன். ‘திறன் வெளிப்பாடு’ எனக்கு உடன்பாடே. ஆனால் ‘அறுவைத்திறன்’ என்பது ஒரே பொருளைக் குறிப்பதாக நீங்கள் கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

2015இல் வெளியான இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில், ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்கள் 15 பேர் பன்றிக்கால்களில் அடுக்கடுக்காகத் தையல் போட்டார்கள். தமக்குப் பிடித்த இசை ஒலித்தபோது சராசரியாக 7 விழுக்காடும், பயிற்சியில் மூத்தவர்கள் 10 விழுக்காடும் விரைவாக முடித்தார்கள். எந்தத் தையல் எந்த நிலையில் போடப்பட்டது என்று தெரியாத நடுவர்கள், இசையோடு போட்டதற்கே கூடுதல் மதிப்பெண் தந்தார்கள். மற்றொன்றில், பிரித்தானிய மருத்துவமனைகளில் நடந்த 20 அறுவைகளைக் காணொளியாகப் பதிந்து ஆராய்ந்தபோது, இசை ஒலித்த அறுவைகளில், கருவி முதலியவற்றை வேண்டிக் கேட்டதையே மீண்டும் கேட்க நேரும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடியிருந்தது. ஒன்று இசைக்குச் சாதகம், மற்றொன்று பாதகம் என்று செய்திகளில் எழுதினார்கள். உண்மையில் அவை முரண்படவே இல்லை. முதலாவது தனியே அமர்ந்து தைக்கும் கையை அளந்தது, இரண்டாவது ஒருவரோடொருவர் பேசிச் செயல்படும் குழுவை அளந்தது. பன்றிக்காலுக்கு இரத்த அழுத்தம் இறங்குவதில்லை; அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர் அங்கே தேவையுமில்லை.

என் காதுக்கு இசை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாடித்துடிப்போடு குருதியின் உயிர்வளிச் (ஆக்சிஜன்) செறிவையும் காட்டும் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். செறிவு குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே நோயாளியின் நிலை தாழ்வதை நாங்கள் அறிவது அந்தச் சுருதி மாற்றத்தால்தான். அதன்மேல் வேறொரு சுருதியில் பாட்டு ஒலித்தால் நுண்ணிய இறக்கம் மறைந்துபோகும். அறுவை மருத்துவரின் பதற்றத்தைத் தணிக்கும் அதே பாட்டு, அவரைவிட்டு ஒரு கை தூரத்தில் நிற்கும் எனக்கு இடையூறாகலாம். சத்தம் கூடக்கூடப் பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார் என்று 1911இல் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் எடுத்துக்காட்டியது அறுவை அரங்கில் நாள்தோறும் நடக்கிறது. பாட்டுக்கு மேலே பேச்சு, பேச்சுக்கு மேலே எச்சரிக்கை ஒலி.

ஆகவே ‘அறுவைக் கைத்திறன்’, ‘அறுவைக் குழுத்திறன்’ என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘அறுவைத்திறன்’ வரட்டும்.

•

அன்புள்ள மருத்துவர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் வரைவில் ‘அறுவைத்திறன்’ வந்த ஒவ்வோர் இடத்தையும் மறுபடி பார்த்தேன். பெரும்பாலானவை ‘கைத்திறன்’ என்று மாற வேண்டியவை. ‘கைத்திறன்’ என்றால் தச்சரும் நெசவாளரும்தான் நினைவுக்கு வருவார்கள் என்று இங்கே ஒருவர் தயங்கினார். எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. ஊசியைத் திசுவுக்குள் எந்தக் கோணத்தில் செலுத்துவது, முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பவை கையால் கற்றுக் கையில் தங்கும் அறிவே.

ஒரு சிறு இடர்ப்பாடு மட்டும் எஞ்சுகிறது. அறுவைப் பயிற்சியை மதிப்பிட டொராண்டோவில் 1990களில் உருவாக்கி இன்று உலகெங்கும் பயன்படுத்தும் அளவுகோலில் ஏழு கூறுகள் உண்டு. திசுவை மென்மையாகக் கையாளுதல், காலமும் அசைவும், கருவிகளைக் கையாளுதல் என்பவற்றோடு உதவியாளரைப் பயன்படுத்தும் முறையும் அதில் சேர்ந்திருக்கிறது. அளவுகோலின் பெயரோ நுட்பத்திறன் என்கிறது. உள்ளே ஒரு கூறு பேச்சைச் சார்ந்து நிற்கிறது. எனவே கைத்திறனுக்கும் குழுத்திறனுக்கும் நடுவே நாம் இழுக்கும் கோடு அளவுகோலோடு முழுதும் பொருந்தாது. அந்த ஒரு கூறு வரும் இடங்களில் ‘அறுவைத்திறன்’ என்ற பொதுச்சொல்லையே வைத்துவிடுகிறேன்.

‘எஃபெக்ட்’ என்பதற்கு ‘விளைவு’ என்றே எழுதப்போகிறேன். ‘பாதிப்பு’ தீங்கை முடிவுகட்டிவிடுகிறது. ‘தாக்கம்’ அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் மோதலின் சாயல் அதில் உண்டு. ஆகவே கட்டுரைத் தலைப்பு ‘அறுவைக் கைத்திறன் வெளிப்பாட்டில் அறுவைவேளை இசையின் விளைவு’ என்று அமைகிறது. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு குழப்பத்தைத் தடுத்து நிற்கிறது. கேட்டதையே மீண்டும் கேட்பதற்கு ‘மறுகேட்பு’ என்று வைக்கலாமா? செவிலியர் ‘என்ன கேட்டீர்கள்?’ என்று வினவுவதும், மருத்துவர் அதே கருவியை இரண்டாம் முறை கேட்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. அரங்கில் நிற்பவர் என்ற முறையில் அது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.