இங்கிலாந்தில் ஓட்டுப் போடப் புகைப்பட அடையாளம்: இதில் கொதிக்க என்ன இருக்கிறது?

கயல்:

இங்கிலாந்துக்குக் குடிவந்த பிறகு முதல் முறையாக உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறேன். புகைப்படம் உள்ள அடையாள ஆவணத்தோடு வரவேண்டும் என்று தபாலில் வந்த தேர்தல் அறிவிப்பு சொல்கிறது. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். அது செல்லுமா? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருக்கிறது. இங்கே வாக்காளர் பட்டியலில் பதிந்தபோது கணவர் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்மணி இந்த விதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொதிக்கிறார். "இத்தனை காலம் பெயரையும் முகவரியையும் சொல்லித்தானே ஓட்டுப் போட்டேன், இப்போது மட்டும் என்னைத் திருடியாகப் பார்ப்பானேன்?" என்கிறார். பதினெட்டு வயதில் முதல் ஓட்டுக்கே அட்டையை நீட்டிய எனக்கு இந்தக் கோபம் பிடிபடவே இல்லை. அட்டையைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரையான்:

முதல் கேள்விக்கு மட்டும் நான். இங்கே வாக்குச்சாவடி எழுத்தராக உட்கார்ந்திருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் தாராளமாகச் செல்லும். காமன்வெல்த் நாடுகளின் பாஸ்போர்ட் எல்லாமே பட்டியலில் உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். பெயர்தான் வில்லங்கம். ஓரிரு எழுத்து மாறினால் நாங்கள் பெரிதுபடுத்துவதில்லை. பின்பெயரே வேறு என்றால் காரணம் காட்டும் ஆவணம் வேண்டும். திருமணச் சான்றிதழைக் கையோடு கொண்டுவாருங்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஓர் ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அதையே விரித்து முன்னால், மூன்றாவதில் பின்னால்!

கணக்கு வாத்தியார் (ஓய்வு):

அம்மா கயல், இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவன் நான். தேர்தல் வந்தால் முதலில் ஆணை வருவது ஆசிரியர்களுக்குத்தானே.

உங்கள் தோழியின் கோபம் நியாயமானது. இரண்டு நாட்டிலும் விதி பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அட்டையை மக்கள் கையில் சேர்க்க வேண்டியது யார் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

1993ஆம் ஆண்டு, டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, நம் ஊரில் வாக்காளர் அட்டை வந்தது. அன்று யாரும் "நீயே போய் ஒரு ஆவணம் தேடிக் கொண்டுவா" என்று சொல்லவில்லை. ஊர் ஊராகக் கேமராவோடு போய் அரசே படம் பிடித்தது. அந்தப் படங்களின் லட்சணம் தனிக்கதை. என் மனைவியின் அட்டையைப் பார்த்தால் என் மாமனார் மாதிரி இருக்கும். ஆனாலும் அட்டை வீட்டுக்கு வந்தது. பின்னால் வாக்காளர் பட்டியலிலேயே படம் அச்சாயிற்று. அலுவலர் முகத்தை ஒப்பிட்டுப் பார்க்க மேசைமேலேயே ஒரு படம் இருக்கிறது.

அட்டை தொலைந்தாலும் ஓட்டுப் போகாது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மாற்றாக 12 ஆவணங்களை அனுமதித்தார்கள். ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை எல்லாம் படித்தவர்களுக்குத் தெரியும். நூறு நாள் வேலை அட்டையும், படம் ஒட்டிய அஞ்சலகக் கணக்குப் புத்தகமும் அதில் உண்டு என்பதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பட்டியலைப் போட்டவருக்கு வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று தெரிந்திருக்கிறது. பூத் ஸ்லிப்பை மட்டும் அடையாளமாகக் காட்ட முடியாது; 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டனில் நிலைமை வேறு. போர்க்கால அடையாள அட்டையை 1952இலேயே ஒழித்த நாடு அது. 2006இல் மறுபடி சட்டம் போட்டார்கள், 2010இல் வந்த அடுத்த அரசு அதைத் தூக்கிவிட்டது. ஆக, எல்லோருக்கும் பொதுவான அட்டை என்று ஒன்று அங்கே கிடையாது. சாவடியில் படமுள்ள அடையாளம் கேட்கும் 2022 தேர்தல் சட்டம் அந்த வெற்றிடத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. கார் ஓட்டாத, வெளிநாடு போகாத ஒருவர் புதிதாக ஏதாவது வாங்கியாக வேண்டும். வேறு அடையாளம் இல்லாதவர்களுக்கென்று படம் போட்ட இலவச வாக்காளர் சான்றிதழ் உண்டு, உண்மைதான். அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டுமே.

போதாக்குறைக்கு, முதியவர்களின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் ரயில் அட்டை செல்லாது என்று வைத்தார்கள். இரண்டிலும் படம் இருக்கிறது! இதைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நீதிதேவி:

ஐயா, சட்டம் படிக்கும் மாணவி நான். ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன்: இந்த அட்டை எதைத் தடுக்கிறது? இன்னொருவர் பெயரில் நேரில் வந்து போடும் கள்ள ஓட்டை மட்டும்தான். 2004 பர்மிங்காம் உள்ளாட்சித் தேர்தலில் நடந்த பெரிய மோசடி தபால் ஓட்டில் நடந்தது. தபால் ஓட்டுக்கு இன்றும் வாக்குச்சாவடியில் கேட்பதுபோல் படம் கேட்பதில்லை. ஆனால் 2023இல் இங்கிலாந்தில் விதி முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது, சாவடி வரை வந்து ஓட்டுப் போடாமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே சொன்னது. ஆஸ்திரேலியாவில் பெயர், முகவரி, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்ற கேள்வி, அவ்வளவுதான். கனடாவில் ஆவணம் இல்லாதவருக்காக அதே சாவடியைச் சேர்ந்த ஒருவர் எழுத்து மூலம் உறுதி கொடுக்கலாம். அங்கெல்லாம் ஜனநாயகம் கவிழ்ந்துவிட்டதா?

கணக்கு வாத்தியார் (ஓய்வு):

தபால் ஓட்டு விஷயத்தில் நீ சொல்வது சரி, தாயே. முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

ஆனால் அட்டையே வேண்டாம் என்றால் ஒப்பமாட்டேன். அட்டை பரவலாவதற்கு முன்னால் சாவடியில் அடையாளம் சொன்னது யார் தெரியுமா? கட்சி ஏஜெண்டுகள். முதல் அலுவலர் பெயரை உரக்கப் படிப்பார், "இவர் எங்கள் தெருக்காரர்தான்" என்று ஏஜெண்ட் தலையாட்டுவார். ஆளை ஆட்சேபிக்க வேண்டுமென்றால் 2 ரூபாய் கட்ட வேண்டும். பலம் குறைந்த கட்சியின் ஏஜெண்ட் அந்த 2 ரூபாயை வெளியே எடுக்க ரொம்பத் துணிச்சல் வேண்டும், பணத்துக்காக இல்லை. ஊரில் ஆள்பலம் இல்லாதவர் மத்தியானம் வரும்போது அவர் ஓட்டு விழுந்திருக்கும். டெண்டர் ஓட்டு என்று ஒரு சீட்டைக் கொடுத்து, அதைத் தனி உறையில் போட்டு ஒட்டுவோம். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. அவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அட்டையின் அருமை தெரியும்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையாலும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சண்டை சாவடியில் தீராது; முன்பே பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும்.

தேம்ஸ்கரையான்:

இந்தச் சட்டம் வந்தபோது பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே 2024 மே மாதம் அடையாளம் இல்லாமல் சாவடிக்கு வந்து திரும்பிப்போய் எடுத்துவர வேண்டியிருந்தது. கயல், இதை உங்கள் தோழியிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கயல்:

எல்லோருக்கும் நன்றி. திருமணச் சான்றிதழை எடுத்து வைத்துவிட்டேன். தோழியிடமும் பேசினேன். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, பஸ் பாஸ் வாங்கும் வயதும் ஆகவில்லை. காலாவதியான பாஸ்போர்ட் ஒன்று பீரோவில் கிடக்கிறதாம். அதைக் காட்டலாமா?

தேம்ஸ்கரையான்:

காட்டலாம். தேதியை நாங்கள் பார்ப்பதில்லை, முகம் ஒத்துப்போனால் போதும். படம் ரொம்பப் பழையது என்று பயமாக இருந்தால் இன்றைக்கே இலவசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்தலுக்கு ஆறு வேலைநாள் முன்பு மாலை 5 மணியோடு அது முடிந்துவிடும்.