‘லாஸ்ட் இட்’ என்ற ஆங்கிலத் தொடரின் பொருள் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ‘ஹி லாஸ்ட் இட்’ என்ற ஆங்கிலத் தொடரை எந்த இடத்தில் எப்படிப் பொருள்கொள்வது என்று அறிய விரும்புகிறேன். கோபத்தில் நிதானம் இழப்பதுதான் பலரும் அறிந்த பொருள். ஆனால், இரங்கல் உரை நிகழ்த்துபவர் பாதியில் தொண்டை அடைத்துத் தேம்பி அழுதாலும், வாய் திறக்கவே கூடாத இடத்தில் ஒருவருக்குச் சிரிப்புப் பீறிட்டு வந்தாலும் இதே தொடரைத்தான் ஆள்கிறார்கள். ‘ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்’ என்பதில் இந்தக் குழப்பமில்லை. பிடியிலிருந்து கழன்று தெறிக்கும் கோடரியை நினைவூட்டும் அது, சட்டென்று பொங்கும் சினத்தையே குறிக்கும்.

எனக்குப் பெருஞ்சிக்கலாக இருப்பது ‘ஹி இஸ் லூசிங் இட்’ என்ற வடிவம். அது கோபம் தலைக்கேறுவதையா, புத்தி பேதலிப்பதையா, அல்லது விளையாட்டு வீரரைப் பற்றிய பேச்சானால் பழைய திறமை மங்கிவருவதையா குறிக்கிறது? முன்பின் வாக்கியங்கள் இல்லாமல் தனியே வந்தால், ஆங்கிலத்தில் நாள்தோறும் புழங்குபவர்களுக்கு எந்தப் பொருள் முதலில் தோன்றும்?

தமிழில் ‘கட்டுப்பாட்டை இழந்தார்’ என்று எழுதினால் வாகன விபத்துச் செய்திபோல் ஒலிக்கிறது. அழுகை, சிரிப்பு, சினம் மூன்றுக்கும் பொருந்தும் வழக்கு ஏதேனும் இருந்தால், எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.