சன்னலின் கீழ்ச்சட்டத்தில் மட்டும் பெயிண்ட் உரிவது ஏன்?

சாளரம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டு மரச்சன்னல்களில் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தில் உள்ளவற்றின் கீழ்ச்சட்டத்தில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் கட்டி, பொருக்குப் பொருக்காக உரிகிறது. மேல்சட்டம் பளபளப்புக் குறையாமல் இருக்கிறது. உரிந்த இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரும் இரண்டு கை எனாமலும் அடித்தோம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் கிளம்பிவிட்டது. மரம் சரியாகக் காயவில்லை என்கிறார் தச்சர். பிரைமர் மட்டமானது என்கிறார் பெயிண்டர். மூன்றாவது கையைக் கனமாக அடித்துவிட்டால் நீர் புகாமல் நிற்குமா, அல்லது கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா?

உளிமுனை எழுதியது:

மூன்றாவது கை இப்போது வேண்டாம். முதலில் ஒரு கொப்புளத்தைக் கத்தி முனையால் கீறித் திறந்து, அடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பழைய பெயிண்ட் தெரிந்தால், வெயிலில் சூடேறிய பரப்பின்மீது அடித்ததாலோ, பழைய பூச்சைச் சரியாகத் தேய்க்காததாலோ புதுப்பூச்சு பிடிக்கவில்லை என்று கொள்ளலாம். வெறும் மரம் தெரிந்தால், மரத்துக்குள் புகுந்த நீர் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

மரம் காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் மரத்தில் ஏறக்குறைய 12 சதவீத ஈரம் நிற்கும். 90 சதவீதமாகி நெடுநாள் நீடித்தால் அது 20 சதவீதத்தை எட்டும். ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேரும் ஈரம் முழுவதும் நார்களின் சுவருக்குள் புகுந்து மரத்தை உப்ப வைக்கிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில்தான் அது மிகுதி. அந்தப் போக்கில் 100 மி.மீ. அகலமுள்ள பலகை, ஈரம் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறும்போது 2 முதல் 3 மி.மீ. வரை விரியும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எனாமலோ ஆண்டுக்கு ஆண்டு இறுகி, இழுவிசைக்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை வெடிப்பு விடுகிறது. வெடிப்பின் வழியே எளிதாகப் புகும் மழைநீர், அவ்வளவு எளிதாக வெளியேறுவதில்லை.

கீழ்ப்பகுதி மட்டும் ஏன் என்றால், பக்கச் சட்டங்களின் அறுத்த முனைகள் அங்கேதான் இருக்கின்றன. மரத்தின் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுவதால், அறுத்த முனை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுத்து மூட்டுக்குள் சேர்த்துவிடும். பக்கப் பரப்பு உறிஞ்சுவது அதனோடு ஒப்பிட மிகச் சொற்பம். சன்னலைத் திறந்து, ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணில் படாத அந்தப் பக்கத்தைப் பலரும் பூசாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஈரமானி எழுதியது:

தச்சர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. 15 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மரத்தில் எந்த பிரைமரும் நம்பிப் பூசத்தக்கதல்ல. தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேற்பரப்பு உலர்ந்து, உள்ளே நனைந்திருக்கும். ஊசி பதிக்கும் ஈரமானியை நடுவிலும் மூலையிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடே உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொன்று, சுரண்டிய மரத்தை வெயிலில் காய வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைப்பதால், சில வாரங்களிலேயே மேற்பரப்பு நலிந்து பிரைமரின் பிடிப்புக் குறைகிறது. காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்தி, அளவு இறங்கியதும் தாமதிக்காமல் பூசுவதே சரி.

சாளரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கொப்புளத்தின் அடியில் வெறும் மரம்தான், சாம்பல் நிறத்தில் இருந்தது. அடிப்பக்கத்தில் தூரிகை பட்ட சுவடே இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் அடைத்த பட்டிப் பசையும் வெடித்து, நகம் நுழையும் அளவுக்கு விலகியிருக்கிறது. ஈரமானி நடுவில் 13 சதவீதமும் கீழ்மூலையில் 22 சதவீதமும் காட்டியது. இனி எந்த வரிசையில் செய்வது? வாசற்கதவில் தெளிந்த வார்னிஷும் உரிகிறதே, அதற்கும் இதே காரணமா?

உளிமுனை எழுதியது:

22 சதவீதம் இருக்கும்வரை பூச்சைத் தொட வேண்டாம். வெடித்த பட்டியை எடுத்துவிட்டு, முடிந்தால் சன்னல் கதவைக் கழற்றி நிழலில் நிமிர்த்தி வையுங்கள். சாம்பல் நிறம் நீங்கிப் பழுதற்ற மரம் தெரியும்வரை தேய்த்து, கூரான விளிம்புகளையும் சற்று மழுக்குங்கள். கூர்விளிம்பில் பெயிண்ட் மெலிந்துவிடுவதால் உரிதல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு அறுத்த முனைகளுக்கும் அடிப்பக்கத்துக்கும், மரம் இனி உறிஞ்சாது என்னும் அளவுக்கு பிரைமரைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றே. பட்டி அதற்குப் பிறகுதான். வெறும் மரத்தில் வைத்தால் அதன் எண்ணெயை மரம் குடித்து, பட்டி விரைவில் வெடிக்கும்.

மேல்பூச்சுக்கு வெளிப்புற அக்ரிலிக் பெயிண்ட் நல்லது. மரத்தோடு சேர்ந்து விரிந்து கொடுப்பதோடு, உள்ளே சிக்கிய நீராவியை எனாமலைவிட எளிதாக வெளியே விடும். ஆனால் பக்கச் சட்டங்களில் பல அடுக்கு பழைய எனாமல் கனத்துக் கிடந்தால், அதன்மேல் நேராக அக்ரிலிக் அடிக்காதீர்கள். புதுப்பூச்சின் இழுவையில் தளர்ந்த பழைய அடுக்கும் சேர்ந்து பெயர்ந்து வரும். மாலையில் பனி இறங்குவதற்குள் பூச்சு உலர்ந்துவிடும்படி வேலையை முற்பகலில் முடியுங்கள்.

கதவின் கதை கொஞ்சம் வேறு. தெளிந்த வார்னிஷ் ஒளியை உள்ளே விடுவதால் அதன் அடியிலுள்ள மரம் நலிகிறது. நலிந்த பரப்பைவிட்டு வார்னிஷ் கழல்கிறது. ஈரம் அதை விரைவுபடுத்துகிறது. மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்றால் நிறமிட்ட, மரத்துக்குள் இறங்கும் ஸ்டெயின் பூசுங்கள். மேலே படலம் கட்டாததால் உரிவதற்கு அதில் எதுவும் இல்லை. நிறம் மங்கும்போது கழுவி, உலர்ந்தபின் மறுபடி ஒரு கை பூசினால் போதும். பழைய வார்னிஷை மட்டும் முழுவதும் எடுத்துவிட வேண்டும், எஞ்சிய இடத்தில் ஸ்டெயின் இறங்காது.