பெங்களூரு – லண்டன்: தொலைவும் பயண நேரமும்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்து, அடுத்து பெற்றோரை அழைத்துவர எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திற்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 8,050 கிலோமீட்டர். சில தளங்கள் 5,000 மைல் என்றும், சில 4,345 கடல் மைல் என்றும் காட்டுவது இதே தொலைவைத்தான். ஆனால் இந்த எண்ணை விமானத்தின் வேகத்தால் வகுத்து நேரம் கணக்கிட வேண்டாம். உருண்டையான பூமியின் மீது போடப்படும் அந்த மிகக் குறுகிய பாதை பாகிஸ்தான், ஈரான், கருங்கடல், தெற்கு உக்ரைன் வழியாகச் செல்கிறது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டது முதல் உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானங்கள் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. எனவே எந்த நிறுவனத்தில் பறக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சுற்றுவழியின் நீளம் மாறும். இடைநில்லாமல் லண்டன் வந்துசேரப் பத்தரை, பதினொரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பும்போது மேலைக்காற்று பின்னிருந்து தள்ளுவதால் சற்றுக் குறையும்.

பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். காலை 7 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 12 மணிக்கு வருவதாகப் போட்டிருந்தால், ஐந்து மணி நேரப் பயணம் என்று வீட்டில் மகிழ்ந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரமும் லண்டன் பின்தங்கியிருப்பதால், அந்தக் குளிர்காலப் பயணம் உண்மையில் பத்தரை மணி நேரம்.

துபாய் வழியாகச் சென்றால் தொலைவு கூடுவது ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். நேரமோ மூன்று நான்கு மணி கூடும், இணைப்பு விமானம் தள்ளியிருந்தால் இன்னும் அதிகமாகும். முழங்கால் வலியுள்ள பெற்றோருக்குக் கட்டணம் சற்றுக் கூடினாலும் நேர் விமானமே நல்லது என்பது என் கருத்து. விமானம் மாற நேர்ந்தால், சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து, பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குச் சாலையில் சுமார் 130 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் இன்னும் 45 சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓசூர், அத்திப்பள்ளி வரை தடையில்லாமல் வரும் கார், பெங்களூருக்குள் சில்க் போர்டு, ஹெப்பால் சந்திப்புகளின் நெரிசலில் சிக்கிக்கொள்வதுண்டு. தருமபுரிக்கு அருகிலேயே ஓமலூரை ஒட்டிச் சேலம் விமான நிலையம் இருந்தாலும், அங்கிருந்து வெளிநாட்டுச் சேவை கிடையாது. விமானத்திற்கு மூன்று மணி நேரம் முன்பாக முனையத்தில் இருக்க வேண்டும். பகல் நெரிசலில் வருவதானால் சாலைக்கு மட்டும் நான்கு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு விமானங்கள் இப்போது இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன என்பதையும் ஓட்டுநரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.