ஞாயிறு பன் வகுப்பு: பதினாறு பேர், ஒரு ஓவன்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
வெள்ளிக்கிழமை

மாலா: ஞாயித்துக்கிழமை பன் வகுப்புக்கு இன்னிக்கு வரைக்கும் 16 பேர் பேர் குடுத்திருக்காங்க. 12 பேர்தான்னு சொல்லி வச்சிருந்தோம். என்ன பண்றது?

கார்த்தி: வரட்டும்

பானு சித்தி: ஓவன் ஒண்ணுதானே மாலா

பெரியப்பா: அனைவருக்கும் இனிய காலை வணக்கம்

வசந்தி அத்தை: மாலா, ஆள் எண்ணிக்கைய ஓவன்தான் முடிவு பண்ணணும். கணக்கு பாரு. ஒரு ஆளுக்கு மைதா 200 கிராம், தண்ணி 130, உப்பு 4, சக்கரை 10, எண்ணெய் 10. எல்லாம் சேந்து மாவு 350 கிராம் சொச்சம் வரும். அதுல 4 பன் உருட்டலாம். 16 பேருக்கு 64 பன். அந்த ஹால் ஓவன்ல ஒரு தட்டுக்கு 12தான் இடம். 220 டிகிரில 18 நிமிஷம், கதவத் தொறந்து மூடி சூடு திரும்ப ஏற ரெண்டு நிமிஷம். ஆக ஒரு ஈடு 20 நிமிஷம். 64 பன்னுக்கு ஆறு ஈடு. ரெண்டு மணி நேரம் ஓவன் முன்னாடியே நிக்கணும். கடைசி ஈட்டு மாவு அதுக்குள்ள பொங்கித் தளர்ந்து, ஓவன்ல வச்சதும் அப்படியே தட்டையா அமுங்கிடும்.

கார்த்தி: அத்தை எப்பவும் கணக்கு டீச்சர்தான்

பானு சித்தி: ரெண்டு ரெண்டு பேரா சேத்து விட்டா? எட்டு ஜோடி, 32 பன். முடிஞ்சுது

வசந்தி அத்தை: ஜோடி வேண்டாம் பானு. ஒருத்தர் பிசைவாங்க, இன்னொருத்தர் கைகட்டிப் பாப்பாங்க. மாவு இறுகுறத விரல்தான் கத்துக்கணும், கண்ணால கத்துக்க முடியாது. ஆளாளுக்கு 200 கிராம் அவங்களே பிசையட்டும். ரெண்டு பன் இங்க சுடட்டும், மீதி மாவ எண்ணெய் தடவின மூடி டப்பாவுல வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். மாவு ரெண்டு மடங்கு ஆகும், அதனால பெரிய டப்பா. ஃபிரிட்ஜ்ல வச்சா மறுநாள் வரைக்கும் தாங்கும். வீட்ல தனியா சுடும்போதுதான் சந்தேகமே வரும். அதுதான் பாடம்.

மாலா: அப்போ 32 பன். மூணு ஈடு. ஒரு மணி நேரம்

பானு சித்தி: இது நல்லா இருக்கு

பானு சித்தி: ஆனா மிஷின்ல பிசைஞ்சா அஞ்சு நிமிஷம், அதையும் சொல்லிக் குடுக்கலாமே

வசந்தி அத்தை: மறுபடியும் மிஷினா

கார்த்தி: ஆரம்பிச்சாச்சு

ரவி சித்தப்பா: எங்க வீட்டு ஓவன எடுத்துட்டு வரேன்

ரவி சித்தப்பா: கையுறை யார்கிட்ட இருக்கோ அவங்களும் எடுத்துட்டு வரணும். ரெண்டு வருஷமாச்சு

பெரியத்தை: எங்கிட்ட இல்ல

ரவி சித்தப்பா: உங்களைச் சொல்லலியே அக்கா

மாலா: ரெண்டு ஓவன் இருந்தா 32 பன் ரெண்டே ஈடு!

ரவி சித்தப்பா: இரு. ஒவ்வொண்ணும் 2000 வாட். 230 வோல்ட்டுக்கு ஒண்ணு 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ரெண்டையும் ஒரே 16 ஆம்பியர் லைன்ல போட்டா சேந்து 17க்கு மேல. ட்ரிப் ஆகலாம். தனித்தனி லைன் வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஓவன் போடவே கூடாது, ஒயர் சூடாகி உருகும்

மாலா: ஹால்ல ஏசி பாயிண்ட் இருக்கு

ரவி சித்தப்பா: அது வேற லைனான்னு பாக்கணும். நாளைக்குப் போறேன்

பெரியப்பா: என் மூக்குக் கண்ணாடிய யாராவது பாத்தீங்களா

பெரியத்தை: தலையில பாருங்க

மாலா: எடைபோடுற மிஷின் எத்தனை இருக்கு? எங்கிட்ட ஒண்ணு

கார்த்தி: எங்க வீட்ல ஒண்ணு. பேட்டரி இல்ல

பானு சித்தி: கப்புல அளந்தா போதாதா

வசந்தி அத்தை: போதாது பானு. ஒரே கப்ப நீ அள்ளி எடுத்தா 150 கிராம் நிக்கும், மாலா சலிச்சுத் தூவி எடுத்தா 120தான் நிக்கும். 200 கிராம் மாவுக்கு அம்பது கிராம் வித்தியாசம் வந்தா ஒருத்தருக்குக் கல்லு, ஒருத்தருக்குக் கூழு. நாலு மேசைக்கு நாலு மிஷின் வேணும். பாத்திரத்த வச்சுப் பூஜ்ஜியமாக்கிட்டு மாவு, மறுபடி பூஜ்ஜியம், அப்புறம் தண்ணின்னு அவங்க கையாலயே போடட்டும். ஈஸ்ட் மட்டும் எடை வேண்டாம். சாதாரண வீட்டு மிஷின் ஒரு கிராம் ரெண்டு கிராம சரியாக் காட்டாது. தட்டையா அரை டீஸ்பூன், அது ஒண்ணரை கிராம் வரும். இந்த வெக்கைக்குத் தாராளம்.

பெரியத்தை: அம்மா பேரு பொறிச்ச பெரிய பேசின் எங்க போச்சு? கலக்குறதுக்கு அது இருந்தா நல்லா இருக்கும்

ரவி சித்தப்பா: கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிட்டுப் போனவங்களத்தான் கேக்கணும்

பானு சித்தி: நான் திருப்பிக் குடுத்துட்டேன். எத்தனை தடவை சொல்றது

பெரியத்தை: சரி சரி

கார்த்தி: ஈஸ்ட் டின் போன மாசமே தொறந்தது. ஓகேவா

வசந்தி அத்தை: சோதிச்சுடு கார்த்தி. 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, ஒரு டீஸ்பூன் சக்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிஷத்துல மேல நுரை கட்டணும்.

கார்த்தி: இதோ

மாலா: அடுத்தது. ஒரு பையனுக்கு நிலக்கடலை அலர்ஜின்னு படிவத்துல எழுதியிருக்காங்க. இன்னொரு பொண்ணுக்கு கோதுமை ஆகாதுன்னு

பானு சித்தி: நான் மேல தூவ வேர்க்கடலை வறுத்து வச்சிருக்கேனே

வசந்தி அத்தை: கடலை ஹாலுக்குள்ளயே வரக்கூடாது பானு. வறுத்தாலும் சுட்டாலும் அலர்ஜி போகாது. கையில சானிடைசர் போட்டாலும் போகாது, அது கிருமியைத்தான் கொல்லும், ஒட்டியிருக்கிற கடலைத் துணுக்கு அப்படியேதான் இருக்கும். சோப்பும் ஓடுற தண்ணியும்தான். கடலை வச்ச டப்பா, கரண்டி, துணி எதுவும் வேண்டாம். எண்ணெயும் கடலை எண்ணெய் இல்லாததா எடுத்துக்கோ. மேல பால் தடவினா போதும், ஆனா பாலும் எத்தனை பேருக்கு ஆகாதுன்னு முதல்ல கேளு மாலா. அந்தப் பையனுக்கு மருந்து ஊசி இருந்தா கூடவே கொண்டுவரச் சொல்லு.

பானு சித்தி: சரி அக்கா. கடலை வேண்டாம்

வசந்தி அத்தை: அந்தப் பொண்ணு விஷயம் இன்னும் கஷ்டம். கோதுமை வயித்துக்கு ஆகாத நோயா இருந்தா, 16 பேர் மைதா தூவுற அறையில உக்காரவே கூடாது. தூசு காத்துல பறந்து எல்லாத்து மேலயும் படியும். தனி மேசை போட்டாலும் பிரயோஜனமில்ல. அவளுக்கு வேற நாள், மாவே எடுக்காத வகுப்பு வைக்கணும். வேண்டாம்னு சொல்றது வருத்தம்தான், ஆனா கூப்பிட்டு உடம்பக் கெடுக்கக் கூடாது.

மாலா: அவங்க அம்மாகிட்ட யார் பேசுறது?

பெரியத்தை: வசந்தி பேசட்டும்

வசந்தி அத்தை: பானு பேசினா இதமா இருக்கும்

பானு சித்தி: பாக்கலாம்

கார்த்தி: நுரையே இல்ல. ஈஸ்ட் செத்துடுச்சு

ரவி சித்தப்பா: தண்ணி எங்கேர்ந்து எடுத்த?

கார்த்தி: கெட்டில்

வசந்தி அத்தை: கொதிச்ச தண்ணியா! ஈஸ்ட் உயிருள்ளது கார்த்தி, 60 டிகிரி தாண்டினா பொழைக்காது. சோதனைக்கு 40 டிகிரி போதும். மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டா சுடாம இதமா இருக்கணும். திரும்பப் பண்ணு.

கார்த்தி: சரி

வசந்தி அத்தை: ஆனா ஞாயித்துக்கிழமை பிசையிற தண்ணி வெதுவெதுப்பா வேண்டாம், எல்லாரும் கவனிங்க. பிசைஞ்ச மாவு 26 டிகிரில இருந்தா நல்லது. சூடு அறை, மைதா, தண்ணின்னு மூணுலேர்ந்து வருது, அதனால 26ஐ மூணால பெருக்கினா 78. அறை 31, மைதா 31, கையால பிசையிற சூடு ஒரு 2, மொத்தம் 64. கழிச்சா 14. ஆக தண்ணி 14 டிகிரி, ஐஸ் போட்டு ஆறவச்ச தண்ணி. ஈஸ்ட்ட அந்தச் சில்லுத் தண்ணில நேரா போடாம மாவுல கலந்துடணும். இந்த ஒண்ணத் தவற விட்டா வெயில் நாள்ல முக்கால் மணியிலயே மாவு பொங்கி புளிச்ச வாடை அடிக்கும்.

கார்த்தி: 78-64 😳

பெரியப்பா: ஐஸ் கட்டி எங்க வீட்ல இருக்கு. கண்ணாடி கிடைச்சுது

பெரியத்தை: எங்க?

பெரியப்பா: சொல்ல மாட்டேன்

மாலா: நேரம் போட்டுக்கலாமா? 9 மணி?

வசந்தி அத்தை: 9க்கு கை கழுவுறது. மோதிரம், வளையல் கழட்டி, சோப்பு போட்டு 20 வினாடி. 9.10க்கு நான் பிசைஞ்சு காட்டுறேன், பத்தே நிமிஷம். அதுக்கு மேல பேசினா யார் காதுலயும் ஏறாது.

கார்த்தி: பத்தே நிமிஷமா அத்தை 🙏

வசந்தி அத்தை: 9.20 எடை போட்டுக் கலக்குறது. கலந்ததும் மூடி 15 நிமிஷம் சும்மா விடணும். இதுதான் முக்கியம். உடனே பிசைஞ்சா கையெல்லாம் ஒட்டும், பயந்துபோய் மைதாவ அள்ளிக் கொட்டுவாங்க, பன் கட்டையாயிடும். விட்டு வச்சா மாவே தண்ணிய இழுத்துக்கும். ஒட்டுதேன்னு கேட்டா மாவு குடுக்காதீங்க, கைய நனைச்சுக்கச் சொல்லுங்க. 9.50லேர்ந்து பத்து நிமிஷம் பிசையட்டும். போதுமான்னு பாக்க நெல்லிக்கா அளவு எடுத்து மெதுவா நாலு பக்கமும் இழுக்கணும். கிழியாம வெளிச்சம் தெரியிற மாதிரி சவ்வா விரிஞ்சா சரி. பாதியிலயே பிஞ்சா இன்னும் ரெண்டு மூணு நிமிஷம். உப்பு போட மறந்தவங்க மாவு தனியாத் தெரியும், தளதளன்னு ஒட்டும், மத்தவங்களத விட வேகமா உப்பும்.

பானு சித்தி: 10லேர்ந்து 11 வரைக்கும் மாவு ஊறும். அந்த ஒரு மணி நேரம் கத்திப் பாடம் நான் எடுக்கறேன். கேரட், வெங்காயம், சூப். பன்னுக்குத் தொட்டுக்கவும் ஆச்சு

வசந்தி அத்தை: ஆமா, அத நீதான் எடுக்கணும், உன் கைதான் சுத்தம்

பானு சித்தி: பலகைக்கு அடியில ஈரத் துணி, இல்லேன்னா வழுக்கும். கேரட்ட முதல்ல ஒரு பக்கம் சீவி தட்டையாக்கி அந்தப் பக்கம் கீழ வைக்கணும், உருளாது. பிடிக்கிற கை விரல் நுனி உள்ள மடங்கி இருக்கணும், கத்தி முட்டில உரசித்தான் போகணும். கட்டை விரலும் பின்னாடி. மழுங்கின கத்தி ஒண்ணும் வேண்டாம், அதுதான் அழுத்தும்போது நழுவி வெட்டும். கத்திய கையில குடுத்து வாங்கக் கூடாது, மேசையில வச்சு எடுத்துக்கணும். தண்ணி நிறைஞ்ச சிங்க்ல போடவே கூடாது, கண்ணுக்குத் தெரியாம கைய விடுவாங்க

மாலா: இத அப்படியே அச்சடிச்சு சுவத்துல ஒட்டுறேன் சித்தி

பெரியத்தை: பசங்க பச்சை மாவ வாயில போடும்

வசந்தி அத்தை: போடவே கூடாது. மைதாங்கறது வேகாத தானியம், கிருமி இருக்கலாம். ஆரம்பத்துலயே சொல்லிடணும். 11க்கு உருட்டுறது. 40 நிமிஷம் மறுபடி உப்பட்டும். விரலால லேசா அமுக்கினா மெதுவா மேல வரணும். டக்குன்னு துள்ளினா இன்னும் நேரம் வேணும், குழி அப்படியே நின்னா தாண்டிடுச்சு. ரெண்டாவது ஈட்டுத் தட்ட பாதி உப்பினதும் ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க, முதல் ஈடு வேகுற வரைக்கும் பொங்காம நிக்கும். வெந்துதான்னு தெரிய உள்ள தெர்மாமீட்டர் குத்தினா 93 டிகிரி தாண்டணும், இல்லேன்னா அடியத் தட்டினா டொக்குன்னு காலி டப்பா சத்தம் வரணும்.

ரவி சித்தப்பா: தட்டு எடுக்க காஞ்ச துணி. ஈரத் துணின்னா சூடு உடனே ஏறும், ஆவி அடிக்கும். சுட்டுடுச்சுன்னா குழாய்த் தண்ணிக்கு அடியில 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம்

பெரியப்பா: மை தடவலாமே

ரவி சித்தப்பா: வேண்டாம் அண்ணா. தண்ணிதான்

கார்த்தி: நுரை வந்துடுச்சு!! டம்ளர் விளிம்பு வரைக்கும்

வசந்தி அத்தை: அப்படின்னா டின் நல்லா இருக்கு. மூடி ஃபிரிட்ஜ்ல வை.

மாலா: சூப் மிச்சமானா?

பானு சித்தி: வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்க வேண்டாம். அகலமான பாத்திரத்துல ஊத்தி ஆறவச்சு உள்ள வச்சுடலாம்

வசந்தி அத்தை: உலக சுகாதார நிறுவனமும் அதத்தான் சொல்லுது. 5லேர்ந்து 60 டிகிரிக்குள்ள கிருமி வேகமாப் பெருகும், அதனால சூப் ஒண்ணு நல்ல சூடா இருக்கணும், இல்ல நல்ல சில்லுனு இருக்கணும்.

மாலா: சரி, அப்போ 12ஆ 16ஆ? பதில் சொல்லணும்

வசந்தி அத்தை: ரவி ரெண்டாவது லைன் இருக்குன்னா 16. இல்லேன்னா 12, மீதி நாலு பேருக்கு அடுத்த வாரம்.

பானு சித்தி: ஒரு ஓவன்லயும் 16 முடியும், மூணு ஈடுதானே

வசந்தி அத்தை: ஓவன் மட்டுமா பானு? கத்தி பிடிக்கிற 16 கைய யார் பாக்குறது? நாலு பேருக்கு ஒருத்தர் கூடவே நிக்கணும். நீ, நான், மாலா. நாலாவது யாரு?

கார்த்தி: நான் பாத்திரம் கழுவறேன்

மாலா: கார்த்தி நீதான் நாலாவது மேசை

கார்த்தி: கத்தி மேசை வேண்டாம், எடை மேசை

பெரியத்தை: நான் வந்து நிக்கறேன். எனக்கென்ன வேலை

ரவி சித்தப்பா: அக்கா வர்றப்ப கையுறை

பெரியத்தை: எங்கிட்ட இல்லேங்கறேன்ல

மாலா: சித்தி, அந்தப் பொண்ணோட அம்மா நம்பர உங்களுக்கு அனுப்பியிருக்கேன்

பானு சித்தி: ம்

பெரியப்பா: அம்மா பேசின் எங்க வீட்டு லாஃப்ட்லதான் இருக்கு. உள்ள ஒரு ஜோடி ஓவன் கையுறையும் இருக்கு. யாரோடது?